படித்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளெல்லாம் ஒன்றோடொன்று விலா உரசிக்கொண்டு கட்டிக் கிடக்க, வலை செப்பனிடுகிற கைகளும் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற கைகளும் தவிர மற்றக் கைகளெல்லாம் ஓய்ந்திருந்த அந்த 61 நாட்களில் ஒரு சாயங்காலம், வண்ணநிலவன் எழுதிய 'கடல்புரத்தில்' என்னும் நாவலை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். 1977-இல் வெளிவந்த நாவல் அது. முதல் முறை படித்தது நான் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பண்டகசாலை நிழலில் உட்கார்ந்து நாளுக்குப் பத்துப் பக்கமாகப் படித்து, நல்ல புத்தகம் என்று மனத்துக்குள் ஒரு முத்திரை குத்தி, அலமாரியில் வைத்துவிட்டேன். யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிப் பேசாமல் விட்டது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது இத்தனை வருஷங்கள் கழித்து, இந்தச் சாயங்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

புத்தகத்தை மூடியதும் இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்கிற தவிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில், இளமையில் கட்டுமரம் ஏறி, பிறகு பிறர் லாஞ்சில் பங்குக்குப் போய், இப்பொழுது முழங்கால் வலியினால் வாசற்படியோடு நின்றுவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுத்து வாசனை அவ்வளவாக இல்லாதவர். கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது அநேகமாக ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கதையைச் சொல்லத் தொடங்கினேன். மணப்பாட்டுக் கடற்கரையில் நடக்கிற கதை. வல்லம் என்னும் நாட்டுப்படகு வைத்திருக்கிற குரூஸ் மிக்கேல், வெளியூரில் உத்தியோகத்தில் இருக்கும் மகன் வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்துவதை ஏற்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் திண்டாடுகிறார். ஊரிலோ வல்லக்காரர்களுக்கும் புதிதாக வந்த லாஞ்சுக்காரர்களுக்கும் பகை மூண்டு வளர்கிறது. அவர் மகள் பிலோமி, தான் நேசித்த சாமிதாஸை இழந்த பிறகும் அவன்மேல் கசப்பு இல்லாமல் நிற்கிறாள். இவ்வாறு சொல்லிக்கொண்டே வந்தேன். வல்லத்தை விற்கும் பேச்சு வந்த இடத்தில் பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வல்லத்த வித்துட்டு, விடியகாலம் எய்ந்து எந்தப் பக்கம் பாத்துக்கினு நிப்பான் தம்பி அவன்?" என்றார்.

பிறகு வெகுநேரம் அவர் குரூஸ் மிக்கேலைப் பற்றிப் பேசவில்லை. தம்முடைய கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து விலைக்குக் கொடுத்த நாளைப் பற்றிப் பேசினார்; அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, மரத்தை வாங்கிப் போனவன் அதை எந்தக் காரியத்துக்கு வாங்கினான் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 'கடல்புரத்தில்' நாவலைப் பற்றி எழுதியவர்கள் அதன் சுருக்கத்தையும், எவரையும் தீயவராகச் சித்திரிக்காத அதன் கருணையையும், பிலோமியின் உள்ளத்தையும் சிலாகித்திருக்கிறார்கள். அந்தச் சிலாகிப்பு அத்தனையிலும் எனக்குச் சம்மதமே. ஆனால் படகை விற்ற மனிதன் காலையில் எழுந்து எந்தத் திசையைப் பார்த்து நிற்பான் என்கிற கேள்வியை யாரும் கேட்டு நான் படித்ததில்லை. முதல் முறை படித்தபோது குரூஸ் மிக்கேலிடம் இருப்பது முதுமையின் பிடிவாதம் என்று நினைத்து ஒதுக்கிய நான், பெரியவரின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவரை வேறு மனிதராகப் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டுக்குத் திரும்பி, விளக்கைப் போட்டு, அந்த அத்தியாயங்களை மறுபடியும் படித்தேன். மூன்றாம் வாசிப்பு அது.

புத்தகத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டவன் அந்தச் சந்தோஷத்தைத் தன் சொந்த வாயால், தான் வாழ்கிற இடத்தில், தன்னைச் சுற்றியுள்ளவர்களிடம் சொல்லக் கடமைப்பட்டவன். அவ்வாறு சொல்லப்படுகிற ஸாமான்ய வாசகனின் உற்சாகமும் இலக்கிய விமர்சனத்தில் ஒரு பகுதியே. அதற்குரிய இடத்தை நம்முடைய ஊர்களும் நூலகங்களும் பத்திரிகைகளும் கொடுக்கவேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

இது புதிதாகத் தோன்றிய எண்ணமல்ல. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டி, ஒரு பாட்டை எடுத்து, அதைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லி, சொல்லச் சொல்லத் தாமும் உருகிக் கேட்பவரையும் உருக வைத்த காலம் ஒன்று இருந்தது. கம்பனைத் தம் மனம் போனபடி திருத்தினார் என்று அவர்மேல் வந்த குற்றச்சாட்டு நியாயமானதே; அந்தத் திருத்தங்களை நானும் ஒப்பவில்லை. ஆயினும், புலவர்களின் பெட்டியில் பூட்டிக் கிடந்த கவிதையை வக்கீலும் வியாபாரியும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்கிற தைரியத்தைத் தமிழர்களுக்குக் கொடுத்தவர்களில் அவர் முன்னணியில் நிற்பவர். அவருக்குப் பின் க. நா. சுப்ரமண்யம் வந்தார். குணத்திலும் கொள்கையிலும் இவர் வேறு மாதிரியானவர். உருகுவது இவர் வழியல்ல. ஆனால் 1957-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதிக்கு இவர் வைத்த பெயரைப் பாருங்கள்: 'படித்திருக்கிறீர்களா?' எதிரே நிற்கிற நண்பனின் தோளைத் தொட்டுக் கேட்கிற கேள்வி அது. தமிழில் இலக்கியப் பேச்சு எவ்வாறு தொடங்கவேண்டும் என்பதற்கு அந்தத் தலைப்பைவிடச் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

நாவலைவிடக் கவிதைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பதைச் சொல்ல, என் சமீபத்திய வாசிப்பிலிருந்தே மற்றோர் உதாரணம் காட்டுகிறேன். இந்த வருஷம் குறுந்தொகையை முதலிலிருந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பாட்டுக்கு மேற்போகாமல், உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட உரையைத் துணையாகக் கொண்டு படித்து வருகிறேன். நானூறுக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சிறு பாடல்களில் சிலவற்றைப் பாடியவர்களின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் பாட்டில் ஒளிர்ந்த ஒரு சொற்றொடரையே அவர்களுக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். செம்புலப்பெயனீரார் அவர்களில் எல்லோரும் அறிந்தவர். மீனெறி தூண்டிலார் என்று ஒருவர். யானை வளைத்துப் பிடித்த பசிய மூங்கில், தினைப்புனக் காவலரின் கவண் ஒலி கேட்டு அது வெருண்டு விட்டவுடன் மேலே துள்ளி நிமிர்வதற்கு, மீன் மாட்டியவுடன் விசுக்கென்று தூக்கப்படும் தூண்டிலை உவமை சொன்னவர். பாட்டு மலைநாட்டுப் பாட்டு. உவமையோ நீர்க்கரை உவமை. எண்ணூர்க் கழிமுகப் பாலத்தடியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிற எந்தச் சிறுவனும் இந்த உவமையைக் கேட்ட மாத்திரத்தில் தலையசைப்பான்.

என்னை நிலைகுலைய வைத்தவர் 290-ஆம் பாட்டைப் பாடிய கல்பொரு சிறுநுரையார். பிரிவுத் துயரைப் பொறுத்துக்கொள் என்று தோழி வற்புறுத்துகிறாள். பொறுத்துக்கொள் என்கிறவர்களுக்குக் காமம் இன்னதென்று தெரியாதா, அல்லது அவர்கள் அவ்வளவு வலிமை உடையவர்களா என்று தலைவி கேட்கிறாள். பிறகு, பெருகிவரும் நீரில் கல்லின்மேல் மோதுகிற சிறு நுரை சிறிது சிறிதாக இல்லாமற் போவதுபோல் நாமும் இல்லாமற் போகிறோம் என்கிறாள். பாட்டின் சாரம் இவ்வளவே. மூலத்தின் ஒலியில் அந்தக் கரைதல் காதாலேயே கேட்கிறது, அதைப் படித்துத்தான் அனுபவிக்கவேண்டும். அந்த நீரை ஆற்று வெள்ளம் என்று கொள்வதுண்டு. நான் இராயபுரத்தில் பிறந்தவன். எனக்கு அது கடலாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்துக் கடற்கரையில் மணல் அபூர்வம், கல் மிகுதி. 1870-களின் நடுவில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கி, கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் நீண்டதிலிருந்து, தெற்கேயிருந்து வடக்கு நோக்கிக் கரையோடு நகர்ந்து வருகிற மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகலமாயிற்று. வடக்கே எங்கள் கரைக்கு வரவேண்டிய மணல் வராமல், கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின, கோயில்களும் போயின. அதைத் தடுக்க, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூரையும் கடந்து எண்ணூர் வரையில் கருங்கற்களைக் கொட்டினார்கள். இடையிடையே கடலுக்குள் நீளும் கல் அணைகளையும் போட்டார்கள். அவற்றுக்கு எங்கள் ஜனங்கள் வழங்கும் பெயர் தூண்டில் வளைவு.

அந்தக் கற்களின்மேல் ஒரு விடியற்காலையில் போய் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் படித்தேன். அலை வந்து மோதுகிறபோது எழுகிற நுரை ஒரேயடியாக மறைந்துவிடுவதில்லை. கல்லின் இடுக்குகளில் தங்கி, ஓரத்திலிருந்து சுருங்கி, குமிழி குமிழியாக உடைந்து, கடைசியில் ஈரம் மட்டும் மிஞ்ச, அந்த ஈரமும் அடுத்த அலைக்குள் போகிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், தலைவி தன் அழிவின் வேகத்தை எவ்வளவு துல்லியமாக அளந்து சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. சடுதியில் வரும் சாவைச் சொல்லவில்லை அவள். கூட இருப்பவர்களுக்கே தெரியாமல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோவதைச் சொல்கிறாள். பெரும்புலவர்கள் எழுதிய உரைகளுக்கு நான் தலைவணங்குகிறவன். ஆனாலும், இந்தப் பாட்டுக்கு இராயபுரத்துக் கரையிலிருந்து சொல்லவேண்டிய ஒரு வார்த்தை உண்டு என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல இங்கே வாழ்கிற ஒருவரால்தான் முடியும். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் செய்கிறவருக்கும் யாழ்ப்பாணத்தில் பனையோடு வாழ்கிறவருக்கும் இதுபோல் அவரவருக்கென்று ஒரு பாட்டும் ஒரு வார்த்தையும் இருக்கும். அவர்கள் பேசாமலிருந்தால் அந்தப் பாட்டுக்கு அந்த அளவுக்குக் குறைவு.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இதற்கு வேறொரு விதத்தில் சாட்சி. 1972-இல் அச்சான அந்த நாவல் நெடுங்காலம் பலர் கண்ணில் படாமலே கிடந்தது; ஒரு வாசகன் மற்றொரு வாசகனிடம் வியந்து சொல்ல, அவன் இன்னொருவனிடம் சொல்ல, அவ்வாறே அது இன்றுள்ள கீர்த்தியை அடைந்தது. யுத்த காலத்து மேடான் நகரத் தெருக்களையும், வட்டிக்கடைப் பையன்களையும், தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலைப் புயல் புரட்டி எடுக்கிற அத்தியாயத்தையும் நான் படித்த வாரத்தில், என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. பர்மா பஜார்ப் பக்கம் போனேன். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் கடைகளாக எழுந்த பஜார் அது. இன்றும் அந்தப் பக்கத்தில் அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய உணவுகளை விற்கிறார்கள். வியாசர்பாடியில் குடியேறிய அந்தக் குடும்பங்களில் பிறந்து என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், தம் பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டியைப் பற்றி வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறார். நான் அதைச் செவியில் போட்டுக்கொண்டதில்லை. நாவலைப் படித்த பிறகு, நானே அவரைத் தேடிப்போய் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பத்து நாட்களில் படித்துவிட்டு, இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, நாவலின் நாயகன் பாண்டியனைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார்.

கவிதை எங்களுக்கு வெளியூரிலிருந்து வந்த பொருளும் அல்ல. ஏழுகிணற்றில் வாழ்ந்த இளம் இராமலிங்கர் நடந்தே திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய் வணங்கி வந்த பாதை எங்கள் பாதைதான். அந்தக் கோயில் அம்மன்மேல் அவர் பாடிய 'வடிவுடை மாணிக்க மாலை' 101 பாடல்களைக் கொண்டது. என் தாயார் அதில் பெரும்பகுதியை மனப்பாடமாகச் சொல்வாள். அவளுக்கு அது பிரார்த்தனை. நான் சென்ற தை மாதம், அவள் மறைந்து பல வருஷங்களுக்குப் பிறகு, முதன்முதலாக அதைக் கவிதையாகப் படித்தேன். எத்தனை உரிமையோடு, எத்தனை பிள்ளைக் கோபத்தோடு அந்த இளைஞர் தேவியிடம் பேசியிருக்கிறார் என்று கண்டு, அம்மா இருக்கும்போதே இதை அவளிடம் பேசியிருக்கலாமே என்று வருந்தினேன்.

இத்தகைய பேச்சுக்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. உற்சாகம் விமர்சனமாகாது; வாசகன் தன் பாட்டனையும் தாயையும் தெருவையும் பற்றிப் பேசுகிறானே ஒழிய நூலைப் பற்றிப் பேசவில்லை; இந்த வழியில் போனால் நல்ல நூலுக்கும் சாதாரண நூலுக்கும் பேதம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான புகழ்மாலை விழும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. நானே சில புத்தகங்களை முதல் வேகத்தில் புகழ்ந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த வெட்கம் எனக்கு எதனால் வந்தது? முன்பு வாய்விட்டுச் சொன்னதனால்தான். சொல்லாமலே இருந்திருந்தால் என் ரசனை தவறியது எனக்கே தெரிந்திராது. மேலும், மனிதன் உண்மையாகவே ரசித்ததைச் சொல்லும்போது அவன் சொல்லில் ஒரு பிரத்தியட்சம் இருக்கும். எந்தப் பக்கத்தில் நின்றான், எந்த வாக்கியத்துக்குத் திரும்பி வந்தான், எங்கே புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான் என்பதைச் சொல்வான். பொய்ப் புகழுக்கு அந்த விவரங்கள் கிடைப்பதில்லை. அபூர்வமான படைப்பு, அவசியம் படிக்கவேண்டிய நூல் என்கிற தேய்ந்த வார்த்தைகளோடு அது நின்றுவிடும்.

வடசென்னை என்றால் கத்தியும் ரத்தமும் என்று திரைப்படங்கள் பழக்கிவிட்டன. பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்', ஷாலின் மரிய லாரன்ஸின் 'வடசென்னைக்காரி' போன்ற புத்தகங்கள் அந்தப் பழக்கத்தைக் கலைத்து எங்கள் மனிதர்களை மனிதர்களாக எழுதியிருப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. இங்கே எழுதுகிறவர்கள் இருப்பதை இப்பொழுது தமிழுலகம் ஓரளவு அறிந்திருக்கிறது. இங்கே படிக்கிறவர்கள் இருப்பதை இன்னும் அறியவில்லை. 1949 செப்டம்பரில் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவைச் சுற்றிலும், ஆலைகளும் அச்சுக்கூடங்களும் இருந்த தெருக்களிலும், மன்றங்களும் படிப்பகங்களும் நிறைந்திருந்த காலத்தில் நான் சிறுவன். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் அங்கே சந்திப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், தெரியாதவர்கள் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். தொடர்கதையில் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அவர்கள் வாதாடியதை மர பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்கு முதல் இலக்கிய ஆசிரியர்கள் அவர்கள்தாம். அந்த மன்றங்களில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் பத்திரிகை வருகிறது, உரக்கப் படிப்பவர் இல்லை.

செய்யவேண்டிய காரியம் பெரிதல்ல. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது நம் சென்னை மாகாணத்தில், 1948-இல். அதன் பயனாக இன்றும் நாம் கட்டுகிற சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறோம். கிளை நூலகங்கள் நம் பணத்தில் நடக்கின்றன. அவற்றோடு வாசகர் வட்டங்களும் இருக்கின்றன. அந்த வட்டங்களில் பிரமுகர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிற கூட்டங்களைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தத் தெருவில் இருக்கிற ஒருவரையே எழுந்து நிற்கச் சொல்லி, இந்த மாதம் தாம் படித்த ஒரு கவிதையையோ கதையையோ பற்றி அரைமணி நேரம் பேசச் செய்யவேண்டும். மீன் ஏலம் எடுக்கிற அம்மாள் பேசட்டும். கண்டெய்னர் லாரி ஓட்டுகிற தம்பி பேசட்டும்; துறைமுக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும்போது அவன் ஸ்டியரிங்கின்மேல் வைத்துப் புத்தகம் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பெண்கள் பேசட்டும். படிக்கத் தெரியாதவர்கள் வந்து கேட்கட்டும். கேட்டுவிட்டு, எங்கள் தெருப் பெரியவரைப்போல் ஒரு கேள்வி கேட்கட்டும்.

நூலகம் தயங்கினால் வீட்டுத் திண்ணை போதும். வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாசலில், நான் 'கடல்புரத்தில்' நாவலின் முதல் அத்தியாயத்தைப் பெரியவருக்கு உரக்கப் படிக்கப்போகிறேன். கதையைச் சொன்னால் போதாது, எழுதியவனின் வார்த்தையையே கேட்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.